கடல் பஞ்சிலிருந்து வந்த மருந்து



கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிப் பக்கத்து வியாதியஸ்தர்களின் படுக்கையருகே உட்காரும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "ஐயா, கடல் அட்டையைக் காயவைத்துப் பொடித்துத் தின்றால் புற்றுநோய் கரையுமாமே, மெய்தானா?" கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் கேட்பது நியாயமே. கடலில் மருந்து உண்டா என்றால், உண்டு. ஆனால் அது வந்த வழி வேறு.

1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியல் அறிஞர், அமெரிக்காவின் ப்ளோரிடா கரையில் எடுத்த ஒரு கடல் பஞ்சில் விநோதமான சில பொருள்களைக் கண்டார். நம் உடலின் மரபணு இழை கட்டப்படும் செங்கல்களைப் போலவே அவை இருந்தன. ஆனால் அவற்றிலிருந்த சர்க்கரை வேறு. அந்த மாதிரியைப் பார்த்துச் சோதனைச்சாலையில் செய்ததே சைட்டரபின். கொத்தனார் கையில் போலிச் செங்கல் அகப்பட்டால், அதன்மேல் சுவர் ஏறாது. அதுபோல, வேகமாகப் பெருகும் புற்றுச் செல் இதை எடுத்துக்கொண்டு, இழையை முடிக்க முடியாமல் மடிகிறது. (எலும்பு மஜ்ஜையும் வேகமாகப் பெருகுவதால் அதற்கும் அடி விழும்.) 1969இல் அனுமதி பெற்ற இம்மருந்து இன்றும் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

நம் இந்துமகா சமுத்திரத்து நத்தையொன்றில் கண்ட பொருளும், மாற்றியமைக்கப்பட்டு, 2011 முதல் நிணநீர்ப் புற்றுநோய்க்கு உதவுகிறது.

ஜப்பானில் 1986இல் 600 கிலோ கடல் பஞ்சைப் பிழிந்தெடுத்ததில் கிடைத்தது 12.5 மில்லிகிராம், ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லை. அதன் ஒரு பகுதியைப் பின்பற்றிச் செயற்கையாகச் செய்த எரிபுலின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010இல் அனுமதி பெற்றது. தின்று தீர்க்கிற காரியமா இது?

கடல் அட்டைச் சாறு குப்பிக்குள் புற்றுச் செல்லைக் கொல்கிறது என்பது மெய். சவுக்காரத் தண்ணீர் ஊற்றினாலும் அது சாகும்! மனிதரில் குணம் தந்ததாக நிரூபணமில்லை. மேலும் 2001 முதல் அட்டை பிடிப்பதே சட்டப்படி குற்றம். 1990களில் சுறாக் குருத்தெலும்பு மாத்திரை அமோகமாக விற்றது. முறையாகச் சோதித்தபோது பயனில்லை. சுறாவுக்கும் புற்றுநோய் வருகிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தாயார் மார்பில் கட்டியோடு வந்தார்கள். கட்டி தெரிந்து ஏழு மாதம். அதில் நான்கு மாதம் அட்டைப் பொடி. டாக்டரம்மா கடிந்துகொள்ளவில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதி, அன்று மாலையே பஸ் ஏற்றினார்கள்.