மாடிக்கு வந்த விருந்தாளிகள்

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. அவ்வாண்டு ரமழானில் தராவீஹையும் வீட்டிலேயே தொழுததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சேலம் மூக்கனேரி போன்ற ஏரிக்கரைகளில் பறவை நோக்கும் நண்பர்களுக்கும் அக்கரைகள் எட்டாதவையாயின. ஆயினும் நட்பு அறுபடவில்லை. 'பேர்டு கவுண்ட் இந்தியா' அமைப்பு, வீட்டிலிருந்தே 15 நிமிடம் பறவைகளைக் கண்டு பதிவு செய்ய அழைத்தது. மாடியில் கேட்ட குயிலும், முருங்கையில் அமர்ந்த தேன்சிட்டும், வேலியோரச் செம்போத்தும் கைப்பேசி உரையாடலின் பொருளாயின. அச்சமூட்டும் செய்திகளுக்கிடையே, "இன்று என்ன பறவை வந்தது?" என்னும் கேள்வி, "நலமாக இருக்கிறீர்களா?" என்பதன் மறுவடிவமன்றோ!

பறவையியல் மேதை மர்ஹூம் சாலிம் அலி (1896–1987) அவர்களின் பயணமும் ஒரு கேள்வியில்தான் தொடங்கிற்று. சிறுவயதில் தாம் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டு எவ்வினமென்று அறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். செயலாளர் மில்லார்டு அச்சிறுவனைப் புறக்கணிக்கவில்லை. பாடம் செய்த பறவைகளை எடுத்துக் காட்டி விளக்கினார்.

ஊரடங்கு நீங்கிவிட்டது. அன்று நாள்தோறும் நலம் கேட்ட நண்பரிடம் அண்மையில் பேசினீர்களா? உங்கள் பிள்ளை ஒரு பறவையின் பெயரைக் கேட்டால், கைப்பேசியை வைத்துவிட்டு, சன்னலருகே உடன் நில்லுங்கள்.