கருப்பை அகற்றலும் ஒரு குறியீட்டு எண்ணும்

மிகுந்த உதிரப்போக்குடன் மருத்துவமனைக்குச் செல்லும் நாமக்கல் பெண்ணொருவர், கருப்பை அகற்றப்பட்டு வீடு திரும்புகிறார் என்று கொள்வோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் செலவை ஏற்கிறது. கைப்பணம் செலவாகாததால், ஆவணத்தை வீட்டில் எவரும் படிப்பதில்லை. ஆனால், படிக்க வேண்டும்.

காப்பீட்டுக் கோரிக்கையில் இரண்டு செய்திகள் குறியீடுகளாகின்றன. ஒன்று நோய். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-10 பட்டியலில் கருப்பைத் தசைக்கட்டிக்கு 'டி25'. மிகையான, ஒழுங்கற்ற மாதவிடாய்க்கு 'என்92'. மற்றொன்று, அளிக்கப்பட்ட சிகிச்சை. தொகை நிர்ணயிக்கப்படுவது இதற்கே. நோய்க்கேற்ற சிகிச்சைதானா என்பதை இவ்விரண்டையும் ஒப்பிட்டே தணிக்கையாளர் ஆராய இயலும்.

காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிகளுக்கானது. மாத்திரை கொடுத்து மாதக்கணக்கில் கண்காணிப்பதைவிட அறுவைச் சிகிச்சைக்கே அதில் எளிதாகப் பணம் கிடைக்கும். பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையற்ற கருப்பை அகற்றல்கள் நடந்ததாகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், அவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

குறியீடும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. அமெரிக்காவில் வழங்கும் '58150' என்ற எண், கருப்பையுடன் சினைப்பைகளை அகற்றினாலும் விட்டுவைத்தாலும் மாறுவதில்லை. நாற்பது வயதுப் பெண்ணுக்கோ இரு சினைப்பைகளையும் இழப்பது உடனடி மாதவிடாய் நிறைவு, எலும்பும் வலுவிழக்கும்.

எனவே நோய் எது, அகற்றப்பட்டவை எவை, திசுப் பரிசோதனை முடிவு என்ன என்பவற்றை வீடு திரும்புமுன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பின்னாளில் அவரைப் பரிசோதிக்கும் சேலம் மருத்துவருக்கு அந்தத் தாளே வழிகாட்டும்.