இடைக்கால ஐரோப்பியத் திணிப்பாடைகளின் மீட்டுருவாக்கம்: சான்றுகளும் வரம்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் கவசத்தின் கீழும் மேலும், சில வேளைகளில் கவசத்திற்கு மாற்றாகவும், துணியடுக்கோ பஞ்சோ திணித்துத் தைத்த ஆடைகளை அணிந்தனர். இவற்றை மீட்டுருவாக்குவதில் எழும் சான்றுச் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: திணிப்பாடை, கேம்பசன், அக்கெட்டன், வளையக் கவசம், மீட்டுருவாக்கம்.

முன்னுரை

இரும்பு எஞ்சும், துணி மட்கும். ஆகவே கவசங்கள் அருங்காட்சியகங்களில் மிகுதியாக இருக்க, அவற்றோடு அணிந்த ஆடைகள் மிகச் சிலவே கிடைத்துள்ளன. எழுத்து, ஓவியம், எஞ்சிய ஆடை ஆகிய மூவகைச் சான்றுகளும் தனித்தனியே முழுமையற்றவை. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு ஆடையைத் தைத்து, பின்னர் அவ்வாடையையே சான்றாகக் காட்டுவது வட்டவாதமாக முடியும்.

எழுத்துச் சான்றுகள்

அக்கெட்டன் என்னும் பெயர் பருத்தியைக் குறிக்கும் 'அல்-குத்ன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எனினும் பெயர்மூலம் ஒன்றே திணிப்புப் பொருளை உறுதிசெய்யாது. 1322ஆம் ஆண்டின் இலண்டன் கவசத் தொழிலாளர் விதிகள் இதனைத் தெளிவாக்குகின்றன. பட்டு போர்த்திய ஆடைகளுக்குப் புதிய பருத்தித் துணியும் பஞ்சும் பழைய பட்டும் திணிக்கப்பட வேண்டும். வெள்ளை அக்கெட்டன்களுக்குப் பழைய நெய்துணியும் பருத்தியும் போதும் என்று அவை வரையறுக்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயியின் ஆணை, ஜாக் என்னும் ஆடைக்கு 30 அல்லது குறைந்தது 25 துணி மடிப்புகளையும் ஒரு மான்தோலையும் விதித்தது. ஓரளவு பயன்பட்டு மென்மையான துணியே சிறந்தது என்றும் கூறியது. எனவே திணிப்பு என்பது பல இடங்களில் உதிரிப் பஞ்சன்று, துணியடுக்கே.

இங்கிலாந்தின் 1181ஆம் ஆண்டுப் படைக்கல ஆணை மற்றொரு வினாவை எழுப்புகிறது. அது நகரத்தார்க்கும் பிற சுதந்திரக் குடிகளுக்கும் திணிப்பாடை, இரும்புத் தொப்பி, ஈட்டி ஆகியவற்றை விதிக்கிறது. வளையக் கவசம் உடையோர்க்கான பிரிவில் திணிப்பாடையைக் குறிப்பிடவில்லை. திணிப்பாடை தனித்த காப்பாகவும் விளங்கியது என்பதற்கு இது வலுவான சான்று. ஆயின், கவசத்தின் கீழ் அது எப்போதும் அணியப்பட்டது என்னும் பரவலான கூற்றுக்கு இவ்வாணை துணைநிற்கவில்லை.

ஓவியமும் எஞ்சிய ஆடைகளும்

13ஆம் நூற்றாண்டின் மோர்கன் விவிலிய ஓவியங்கள் செங்குத்துத் தையல் வரிகள் கொண்ட திணிப்பாடைகளைக் காட்டுகின்றன. ஆயினும் உட்புறத் திணிப்பை ஓவியத்தால் அறிய இயலாது.

கேன்டர்பரிப் பேராலயத்தில் கருப்பு இளவரசரின் (இறப்பு 1376) கல்லறைக்கு மேல் தொங்கவிடப்பட்டிருந்த வெல்வெட் ஆடை, கவசத்தின் மேல் அணியும் வகையைச் சேர்ந்தது. 1364இல் ஒரே போரில் வீழ்ந்த ஷார்ல் த புளுவாவுக்கு உரியதாகக் கருதப்பட்டு லியோன் நகரில் உள்ள ஆடை, பொன்னிழைப் பட்டாலான குடிமை உடை. ஆகவே இவை இரண்டும் கவசத்தின் கீழ் அணிந்த ஆடைக்கு நேரடிச் சான்றுகள் ஆகா. எனினும் பின்னதன் கைப்பகுதி, மார்பிலும் முதுகிலும் அகன்று வெட்டிய பெரிய வட்டத் துளையில் இணைகிறது. கையை உயர்த்தும்போது உடற்பகுதி மேலெழாமல் இருக்க இவ்வமைப்பு உதவும். வெட்டுமுறைக்கு இது நல்ல வழிகாட்டி. திணிப்பின் கனத்துக்கு அன்று.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

முதலில் காலம், நாடு, அணிந்தவர் நிலை, அணியும் இடம் ஆகிய நான்கையும் வரையறுக்க வேண்டும். திணித்துத் தைக்கும்போது துணியின் அகலம் சுருங்கும். ஆதலால் தைத்த பின்னரே இறுதி அளவுக்கு வெட்டுவது பாதுகாப்பானது. தகட்டுக் கவசத்தைக் கட்டும் கயிறுகளுக்கான இடங்களைக் கவசம் அணிந்த உடலிலேயே குறிக்க வேண்டும். கண்துளைகளைக் கத்தியால் வெட்டாது, குத்தூசியால் இழைகளை விலக்கி ஓரம் தைத்தால் துணி வலுவிழக்காது. செயற்கை இழைத் திணிப்பைக் கொண்டு செய்த ஆடையின் கனம், வெப்பம், அசைவு பற்றிய முடிவுகளை இடைக்கால ஆடைக்குப் பொருத்தலாகாது.

முடிவுரை

மீட்டுருவாக்கம் ஒரு கருதுகோளின் சோதனையே ஆகும். எப்பகுதி எஞ்சிய ஆடையிலிருந்தும் எப்பகுதி ஆவணத்திலிருந்தும் பெறப்பட்டது, எது ஊகம் என்பதைத் தையல் குறிப்போடு பதிவுசெய்தால்தான், அடுத்த ஆய்வாளர் அதனைச் சரிபார்க்க முடியும். அப்பதிவு இல்லாத ஆடை, எவ்வளவு நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருப்பினும், ஆய்வுச் சான்றாக நில்லாது.