'வரன்' என்றால் மரியாதை இல்லையா?

கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். விடுதிக் காப்பாளர் கீழிருந்து கூப்பிட்டார். "தோ வரன்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "யாருகிட்டப் பேசறம்னு தெரிஞ்சு பேசோணும்" என்றார். என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. கச்சிராயபாளையத்தில் அப்பா கூப்பிட்டாலும் 'வரன்'தான், தலைமையாசிரியர் கூப்பிட்டாலும் 'வரன்'தான்.

அவினாசிப் பக்கத்து அறைத்தோழிதான் விளக்கினாள். அவளும் 'வர்றேன்' என்று சொல்கிறவள் இல்லை, 'வர்றனுங்க' என்பாள். அந்த 'அன்' அவர்களுக்கும் எங்களுக்கும் பொது. என்னிடம் இல்லாதது கடைசி 'ங்க' மட்டும். ஓர் அசை விடுபட்டதைக் கேட்டவர், என் வளர்ப்பே சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அசையிலிருந்து குணத்துக்குக் காது தாவுகிற அந்தத் தாவல், இத்தனை வருஷம் தமிழாசிரியராக இருந்த பிறகும் என்னை உறுத்துகிறது.

மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளர், இந்தத் தாவலை அளந்து பார்த்தவர். இரண்டு மொழியும் சரளமாக வருகிறவர்களை ஒரே பத்தியை ஆங்கிலத்தில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை படிக்க வைத்துப் பதிவு செய்தார். கேட்டவர்களுக்கு இரண்டும் ஒரே ஆளின் குரல் என்று தெரியாது. இந்த ஆள் அறிவாளியா, நம்பலாமா, அன்பானவரா, உயரமானவரா என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் பேசியபோது மதிப்பு ஏறியது. பேசும் மொழி மாறியதும் மனிதர் உயரமாகக்கூடத் தோன்றினார்! 1960இல் வெளியான அந்த ஆய்வில் என்னைத் தூங்கவிடாத பகுதி வேறு. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பிரெஞ்சுக் குரலைத் தாழ்த்தி மதிப்பிட்டிருந்தார்கள்.

கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலைக்கு வந்தபோது அதை நேரில் பார்த்தேன். வகுப்பில் மரவள்ளி நடவைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிற பிள்ளை, கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு பேனா வாங்கத் தயங்கி நிற்பாள். "நீங்களே கேளுங்க டீச்சர், நான் பேசினா சிரிப்பாங்க." கடைக்காரர் சிரிக்கும் முன்பே அவள் காதில் அந்தச் சிரிப்பு கேட்டுவிட்டது.

எல்லா ஒலியும் சமமாக மாட்டிக்கொள்வதில்லை. ழகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'வாளப்பளம்' என்கிறவரும் ழகரத்தைத் தவறவிடுகிறார், 'வாயப்பயம்' என்கிறவரும் தவறவிடுகிறார். முதல் ஆளைத் திருத்துவதோடு விட்டுவிடுவார்கள். இரண்டாவது ஆளைச் சினிமா எத்தனை காலமாக நகைச்சுவைக் காட்சியில் நிறுத்தி வைத்திருக்கிறது! அந்த யகரத்தைச் சென்னையின் குடிசைப் பகுதியோடு சேர்த்தே கேட்டுப் பழகிவிட்டோம். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். சில வேறுபாடுகள் பேசுகிறவருக்கே தெரியாது. சிலவற்றை உஷாராகப் பேசும்போது மாற்றிக்கொள்வோம். சில ஊரறிந்த கேலியாகிவிடும். கோவைக்குப் போகும்வரை என் 'வரன்' முதல் வகை. போன மறுவாரமே இரண்டாவது வகையாகிவிட்டது.

இல்லாத ஒலியையும் காது கேட்கும். இதற்கு எங்கள் மலையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இங்கே வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. மலையை ஆள்கிறவர்கள் என்பது பொருள். கேரளத்தோடு சம்பந்தம் இல்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்கள்தான் அதிகம். என்னிடம் படித்த ஒரு பையன் வெளியூரில் கல்லூரியில் சேர்ந்தான். ஒரு மாதம் யாரும் அவன் பேச்சில் எதையும் கவனிக்கவில்லை. சாதிச் சான்றிதழைப் பார்த்த அன்று, "அதான் உன் தமிழ்ல மலையாள வாடை அடிக்குதா?" என்று கேட்டார்களாம். போனில் சொல்லும்போது அவன் குரல் உடைந்திருந்தது.

1992இல் டொனால்டு ரூபின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். ஒரே அமெரிக்கப் பெண்ணின் குரலில் பதிவான பாடம். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் அந்நிய உச்சரிப்பைக் கேட்டதாகச் சொன்னார்கள். அங்கே ஒரு முகம் செய்ததை இங்கே ஒரு பெயர் செய்கிறது.

வட்டாரப் பேச்சைத் தாழ்த்துகிற இந்தக் காது நம் பழைய இலக்கணம் தந்ததல்ல. தொல்காப்பியர் திசைச்சொல்லை, அதாவது வட்டாரச் சொல்லை, செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களில் ஒன்றாக வைத்தார், குறையாக அல்ல. எங்கள் பகுதிச் சொற்களைத் தொகுத்த கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி என் வகுப்பு மேசைமேலேயே கிடக்கும். பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சொல்லைத் தேடுவார்கள். இருந்தால் ஒரு கூச்சல்; இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதி வைப்போம்.

இத்தனையும் பேசுகிற நான், எதிராளியின் காதில் எப்படி விழுகிறேன் என்று யோசித்ததே இல்லை. போன வருஷம், படிப்பை நிறுத்திவிட்ட ஒரு பெண்ணைத் திரும்ப அழைத்துவர அவள் வீட்டுக்குப் போனேன். பாட்டி திண்ணையில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் உதவித்தொகை, விடுதி, பொதுத்தேர்வு என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நீ ரொம்ப வேகமா பேசற. அப்பிடிப் பேசறவங்க எல்லாம் இங்க கைநாட்டு வாங்கத்தான் வருவாங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கடுக்காயைப் புரட்டிவிடச் சொன்னார். வெயில் சாய்கிறவரை பள்ளிக்கூடத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.