கரையில் நின்றே ஒரு வீச்சு: பூச்சித் தூண்டில் – ஓர் அறிமுகம்

மீன் பிடிப்பது என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு மூங்கில் கோல், கொஞ்சம் தங்சி, ஒரு தக்கை, மைலோ டின்னில் மண்ணோடு நெளியும் புழு. தோட்டத்தில் வளர்ந்த நம் அப்பாமார்களும் தாத்தாமார்களும் அப்படித்தான் கால்வாய்களில் விரால் பிடித்தார்கள். நான் எழுதப்போவதும் தூண்டிலைப் பற்றித்தான். ஆனால், இதில் புழு இல்லை, தக்கை இல்லை, ஈயக்குண்டும் இல்லை. நூலும் கோழி இறகும் சுற்றிய ஒரு முள் மட்டுமே உண்டு.

ஆங்கிலத்தில் இதனை 'ஃப்ளை ஃபிஷிங்' என்பர். இதைப் பற்றி மலருக்குக் கட்டுரை தரப்போகிறேன் என்றதும் என் விடுதி அறைத் தோழன், "பறந்துகொண்டே மீன் பிடிப்பதா?" என்று கேட்டான். 'ஃப்ளை' என்ற சொல்லுக்குப் பறத்தல் என்ற பொருளோடு ஈ என்ற பொருளும் உண்டு. 'ஈத்தூண்டில்' என்று சொன்னால் ஈயத் தூண்டில் என்று காதில் விழுகிறது. ஆகவே, இக்கட்டுரையில் இதைப் 'பூச்சித் தூண்டில்' என்றே அழைக்கிறேன். தூண்டில் என்ற சொல் 'தூண்டு' என்பதிலிருந்து பிறந்தது. உயிருள்ள இரை இல்லாமல், வெறும் அசைவாலேயே மீனைத் தூண்டும் இந்த முறைக்கு நம் சொல் மிகவும் பொருந்துகிறது அல்லவா?

இது புதுமையான கலையும் அன்று. கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைக் கட்டி, ஆற்றில் புள்ளி மீன்களைப் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். பின்னர் இக்கலை, குளிர்நாட்டு ஆறுகளில் வாழும் டிரவுட் மீனை முன்வைத்து வளர்ந்தது. நம் நாட்டு ஆறு குளங்களில் டிரவுட் இல்லாவிட்டால் என்ன? பூச்சியையோ சிறு மீனையோ தின்னும் எந்த மீனும் இந்தத் தூண்டிலுக்கு வரும்.

ஏன் கரையிலிருந்து?

நான் பேராக் மாநிலத்தில், கிந்தா பள்ளத்தாக்கில் உள்ள பத்து காஜாவுக்கு அருகில் வளர்ந்தவன். எங்கள் வட்டாரம் ஒரு காலத்தில் ஈயத்தால் வாழ்ந்தது. 1985-ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகு, எஞ்சியிருந்த லொம்போங்குகளில் பல மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தது. அவற்றைத்தான் ஈயக்குட்டைகள் என்கிறோம். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால், அவை இயற்கையான குளங்கள் அல்ல. கரையிலிருந்து இரண்டு எட்டு வைக்கும்வரை முழங்கால் ஆழம்தான் இருக்கும். மூன்றாவது எட்டில் காலுக்கடியில் தரையே இருக்காது. கரை மணலும் சட்டென்று சரியும்.

நான் படிவம் இரண்டில் படித்தபோது, தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பன் ஒருவன் அப்படிப்பட்ட குட்டை ஒன்றில் இறந்துபோனான். தண்ணீருக்குள் கிடந்த மரக்கிளையில் சிக்கிய முள்ளை எடுக்க இறங்கியவன், கரைக்குத் திரும்பவில்லை. அந்த முள்ளின் விலை ஒரு வெள்ளிகூட இராது. அன்று எனக்குக் கூடுதல் வகுப்பு இருந்தது. இல்லையென்றால் நானும் போயிருப்பேன். மறுநாள் அம்மா என் மூங்கில் தூண்டிலை முழங்காலில் வைத்து உடைத்தார். அதன்பின் ஆறு ஆண்டுகள் நான் எந்தக் குளத்தின் பக்கமும் போகவில்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு விடுமுறையில்தான் அது மாறியது. ஒரு பொதுப் பூங்காவின் ஏரிக்கரையில், பணி ஓய்வு பெற்ற சீனப் பெரியவர் ஒருவர் பூச்சித் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். அவர் காலணிகூட நனையவில்லை. கரைப் புல்லில் நின்றபடியே நீண்ட கயிற்றைக் காற்றில் சுழற்றி, இருபது முப்பது அடிக்கு அப்பால் ஓர் இலை விழுவதுபோல் பூச்சியை இறக்கினார். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் திரும்பி, "மாவ் சூபா?" என்று கேட்டார். நான் கோலை வாங்கினேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கரையிலதான் நிக்கணும். தண்ணியில ஒரு கால்கூட வைக்கக்கூடாது. முள்ளு போனா போவட்டும்" என்றார். பூச்சித் தூண்டில் பற்றிய நூல்களில் பல, ஆற்றுக்குள் இறங்கி நடப்பதற்கென்றே பக்கங்களை ஒதுக்குகின்றன. நான் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு மற்றவற்றைப் படித்தேன்.

எடை எங்கே இருக்கிறது?

தொடங்குபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். சாதாரணத் தூண்டிலில் எடை முழுவதும் நுனியில் இருக்கிறது. குண்டு முன்னே பறக்க, மெல்லிய தங்சி அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. பூச்சித் தூண்டிலில் இது தலைகீழ். பூச்சிக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். ஓர் இறகை எவ்வளவு பலமாக எறிந்தாலும் அது காலடியில்தான் விழும். ஆகவே, எடையைக் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். நாம் வீசுவது கயிற்றை. பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு உடன் போகிறது.

இந்தக் கயிறுகள் எடைக்கேற்ப எண்ணிடப்பட்டுள்ளன. 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். 6-ஆம் எண் 10 கிராமுக்குச் சற்று அதிகம். 8-ஆம் எண் 13 கிராமுக்கு மேல். கோலிலும் இதே எண் அச்சிடப்பட்டிருக்கும். கோலின் எண்ணும் கயிற்றின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கோல் சரியாக வளையாது, வீச்சும் வராது.

தேவையான பொருள்கள்

1. கோல்: 9 அடி நீளமுள்ள 6-ஆம் எண் கோல் நம் ஊர்க் குளங்களுக்கு ஏற்றது. நான் பழைய கோல் ஒன்றை ரீலோடு சேர்த்து 150 வெள்ளிக்கு வாங்கினேன். தொடக்கத்திற்கு அதுவே போதும்.

2. கயிறு: தண்ணீரில் மிதக்கும் வகையாகவும், முன்பகுதி தடித்ததாகவும் இருக்கட்டும்.

3. முன்நரம்பு: தடித்த கயிற்றின் நுனியில் பூச்சியை நேரடியாகக் கட்டினால் மீன் கயிற்றைப் பார்த்துவிடும். ஆகவே, இடையில் 7 முதல் 9 அடி வரை, நுனி நோக்கி மெலிந்துசெல்லும் தங்சியைக் கட்ட வேண்டும்.

4. பூச்சிகள்: இவற்றைக் கடையில் வாங்கலாம்; நாமே கட்டவும் செய்யலாம். பசார் கோழிக்கடையில் கேட்டு வாங்கிய கழுத்து இறகு, அம்மாவின் தையல் நூல், பழைய சேலையிலிருந்து பிரித்த ஜரிகை ஆகியவற்றைக் கொண்டுதான் நான் கட்டுகிறேன். தண்ணீருக்குள் ஜரிகை மின்னுவது சிறு மீனின் செதிலைப் போலவே இருக்கும். முதலில் கட்டிப் பழக 'வூலி பகர்' என்ற வகை எளிது. முள்ளின் தண்டில் கம்பளியையும் இறகையும் சுற்றி, பின்னால் ஒரு வால் விட்டால் முடிந்தது.

5. தொப்பியும் கண்ணாடியும்: இவை அலங்காரத்திற்கு அல்ல. காற்று திசை மாறினால் முள் நம் முகத்தை நோக்கித்தான் வரும்.

வீசக் கற்றல்

முதல் பாடத்திற்குத் தண்ணீரே வேண்டாம். விளையாட்டுத் திடல் போதும். நுனியில் முள்ளுக்குப் பதிலாகக் கம்பளித் துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் தலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே 12 மணி. முன்னால் 10 மணி. பின்னால் 1 மணி.

கயிற்றை 30 அடிக்குப் புல்லில் நேராக விரித்து, கோல் நுனியைத் தாழ்த்துங்கள். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே கோலை மேலே தூக்கி, 1 மணி நிலையில் சட்டென்று நிறுத்துங்கள். கயிறு தலைக்கு மேலே சென்று பின்னால் விரியும். அது முழுவதும் விரியும்வரை பொறுத்திருங்கள். பிறகு முன்னால் செலுத்தி, 10 மணியில் நிறுத்துங்கள். கயிற்றின் சுருள் முன்னோக்கி விரிந்ததும் கோலைத் தாழ்த்துங்கள்.

இதில் எல்லாரும் தவறுவது ஓர் இடத்தில்தான். பின்னால் போன கயிறு விரிவதற்குள் அவசரப்பட்டு முன்னால் இழுத்துவிடுவோம். சாட்டை அடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்கும். நுனியில் இருந்த பூச்சி அறுந்து போயிருக்கும். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் அன்று திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே சொல்தான்: "துங்கு." பொறு! வள்ளுவர் 'காலமறிதல்' அதிகாரத்தில் கொக்கை உவமையாகக் காட்டுவதைத் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்திருக்கிறோம். தேர்வுக்காக மனனம் செய்த எனக்கு, அதன் பொருள் கையில் கோலைப் பிடித்த பிறகுதான் விளங்கியது.

அடுத்தது உருள்வீச்சு. கரையில் நிற்பவருக்கு இது மிக முக்கியம். நம் குளக்கரைகளில் முதுகுக்குப் பின்னால் மரமோ லாலாங் புதரோ இல்லாத இடம் அரிது. கயிற்றைப் பின்னால் விரிக்க வழி இருக்காது. அப்போது கயிற்றைத் தண்ணீரிலிருந்து முழுவதும் எடுக்காமல், கோலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். கயிறு உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு வில்லைப்போல் தொங்கும். ஒரு கணம் நிறுத்தி, சுவரில் ஆணி அடிப்பதுபோல் கோலை முன்னால் செலுத்தி நிறுத்துங்கள். கயிறு தண்ணீரின் மேலேயே உருண்டு விரியும். தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொள்வதால்தான் இது நடக்கிறது. ஆகவே, இதனைப் புல்லில் சரியாகப் பழக முடியாது.

எந்த மீன்? எந்த இடம்?

எளிதில் கிடைப்பது திலாப்பியா. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இங்கு வந்ததால் மூத்தவர்கள் சிலர் அதை 'ஜப்பான் மீன்' என்பார்கள். அதுவும் லம்பாமும் சிறிய பூச்சிகளுக்கு வரும். ரொட்டித் துண்டைப் போன்ற வெள்ளைப் பூச்சிக்கும் வரும். உடலில் கறுப்புப் பட்டை கொண்ட செபாராவ், சிறு மீன்களைத் துரத்தும் முரடன். அதற்கு ஜரிகை வைத்த பூச்சியை விட்டுவிட்டு இழுக்க வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பீக்காக் பாஸ் இன்று பேராக் ஈயக்குட்டைகள் பலவற்றில் பெருகியுள்ளது. அது பூச்சியைக் கண்டால் விடாது. ஆனால், நம் சொந்த மீன்களைத் தின்னும் வெளியூர் மீன் அது. அதனை உயிரோடு வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோய் விடுவது பெருந்தவறு.

புதியவர்கள் பெரும்பாலும் குளத்தின் நடுவையே குறிவைப்பார்கள். மீன்களோ காலையிலும் மாலையிலும் கரையோரமே இரை தேடும். சாய்ந்த மரத்தின் நிழல், கோரைப்புல் ஓரம், வாய்க்கால் வந்து சேரும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். நம் காலடியிலேயே மீன் இருக்கலாம். ஆகவே, நீரின் விளிம்பிலிருந்து சில அடி தள்ளி நின்று வீச வேண்டும். அப்படி நின்றால் நம் நிழல் தண்ணீரில் விழாது, மீன் மிரளாது. மணலும் சரியாது. மீன் பிடிப்பவர்கள் சொல்லும் விதியும் என் அம்மா சொன்ன விதியும் ஒன்றே என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

மீன் கடித்ததும் கோலை மேலே தூக்காதீர்கள். இடக்கையால் கயிற்றை இறுக்கி இழுங்கள். முள் பதிந்த பிறகு கோலை உயர்த்தலாம்.

மறக்கக்கூடாதவை

• தனியாகப் போகாதீர்கள். போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

• தனியார் நிலமானால் உரிமையாளரிடம் கேளுங்கள். பெலும் போன்ற மாநிலப் பூங்காக்களில் அனுமதி பெற வேண்டும்.

• இடி முழங்கினால் உடனே கிளம்புங்கள். இக்காலக் கோல்கள் கார்பன் இழையால் ஆனவை, மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளின் கீழும் வீசக்கூடாது.

• காலில் காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் நோய் உயிரையே பறிக்கக்கூடியது.

• முள்ளின் கூருக்குப் பின்னால் இருக்கும் சிறிய எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை எளிதாக விடுவிக்கலாம். நம் விரலில் ஏறினாலும் எளிதாக எடுக்கலாம். மீனைத் தொடும் முன் கைகளை நனைத்துக்கொள்ளுங்கள்.

• அறுந்த தங்சியைக் கரையில் விட்டு வராதீர்கள். பறவைகளின் கால்களில் சுற்றிக்கொள்ளும்.

நிறைவாக

என் முதல் மீன், உள்ளங்கை அளவு லம்பாம். மூன்று மாதம் முயன்ற பிறகு கிடைத்தது. பிடித்த கையோடு தண்ணீரில் விட்டுவிட்டு அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "என்ன மீனு?" என்று அவர் கேட்கவில்லை. "கரையிலதானே நிக்கிற, தம்பி?" என்றுதான் கேட்டார்.

சென்ற விடுமுறையில், நானே கட்டியவற்றில் மிக நன்றாக அமைந்த ஜரிகைப் பூச்சி ஒன்று, கரையிலிருந்து ஆறடி தூரத்தில் ஒரு கட்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆழமும் முழங்கால்வரைதான் இருக்கும்போல் தெரிந்தது. கை நீட்டினால் எட்டிவிடும் என்றே தோன்றியது. அவனுக்கும் அன்று அப்படித்தான் தோன்றியிருக்கும். கயிற்றைக் கையில் பிடித்து நேராக இழுத்தேன். தங்சி அறுந்தது. புதிய பூச்சியைக் கட்டிக்கொண்டு, இரண்டு எட்டுப் பின்னால் தள்ளி நின்று மீண்டும் வீசினேன்.

இக்கலையைக் கற்க விரும்பும் நண்பர்கள் சனிக்கிழமை காலையில் நம் விளையாட்டுத் திடலுக்கு வாருங்கள். ஒரு கோலும் கொஞ்சம் கம்பளித் துண்டும் என்னிடம் உண்டு. முதல் நாளிலேயே வீச்சு வந்துவிடும் என்று வாக்களிக்க முடியாது. ஆனால், பொறுத்திருப்பதற்கும், முள் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவதற்கும் கற்றுக்கொள்ளலாம். தண்ணீரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வோம்.