விரைவுப் படகும் எஞ்சின் எண்ணெயின் சூடும்

மயிலாப்பூரின் கிழக்கே, கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரையோரமாக நடந்தால், நொச்சிக்குப்பம், முள்ளிக்குப்பம், பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரம் என்று குப்பங்கள் வரிசையாக வருகின்றன. அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தைத் தாண்டினால் ஊரூர் குப்பமும், ஓடைக்குப்பமும், திருவான்மியூர்க் குப்பமும் உள்ளன. இவை மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியவை; ஊராட்சி ஒன்றியக் கணக்கில் சேராதவை. ஆயினும் தொழிலாலும் ஊர்ப் பஞ்சாயத்தாலும் கிராமங்களே. கோவளத்துக் கரையிலும் அதற்குத் தெற்கிலும் உள்ள மீனவ ஊர்களுக்கு எது பொருந்துமோ, அது இவற்றுக்கும் பொருந்தும். ஆகவே, நகரத்துக்குள் இருக்கும் இக்கிராமங்களின் அனுபவத்தைக் கொண்டே, படகு வைத்திருப்போர் யாவரும் அறிய வேண்டிய ஒரு செய்தியை இங்கு விளக்க விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையில் கட்டுமரங்கள் பெரிதும் குறைந்து, பைபர் படகுகள் பெருகிவிட்டன. கட்டுமரத்துக்குக் காற்றும் துடுப்பும் போதுமாயிருந்தன. பைபர் படகுக்கோ எஞ்சின் இல்லையேல் தொழில் இல்லை. விடியற்காலையில் முதலில் கரை சேருகின்றவனுடைய மீனுக்கே நல்ல விலை கிடைக்குமாதலின், எல்லோரும் விரைவையே நாடுகின்றனர். கடனுக்கு வாங்கிய எஞ்சினை முழு விசையில் ஓட்டுகின்றனர். கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில், ஐப்பசி மாதத்து வாடைக் காற்றில், அந்த எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. எஞ்சின் இறுகுவதற்குரிய காரணங்களுள் முக்கியமான ஒன்று, அதனுள் ஓடும் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறுவதாகும்.

எண்ணெய்க்கு எஞ்சினில் இரண்டு வேலைகள் உண்டு. உராய்வைத் தடுப்பது ஒன்று. இதனை எல்லோரும் அறிவர். சூட்டைச் சுமந்து செல்வது மற்றொன்று. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிஸ்டனின் அடிப்பாகத்தையும், கிராங்கைத் தாங்கும் பேரிங்குகளையும் நீர் சென்று தொட முடியாது. அங்கெல்லாம் சென்று சூட்டை வாங்கிக்கொண்டு வருவது எண்ணெயே. டீசலை எரிப்பதால் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே படகைத் தள்ளுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதை நீரும் எண்ணெயும் காற்றும் வெளியேற்ற வேண்டும். 100 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முழு விசையில் ஓடும்போது, எண்ணெய் மட்டும் சுமக்கும் வெப்பம் 10 கிலோவாட் அளவுக்கு வரக்கூடும். வீட்டில் வெந்நீர் போடும் 1 கிலோவாட் கம்பிகள் பத்தினை ஓர் எண்ணெய்த் தொட்டிக்குள் இடைவிடாமல் வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும்.

எண்ணெய் சூடேறினால் என்ன கேடு? தீபாவளியன்று தலைக்குத் தேய்க்கக் காய்ச்சிய நல்லெண்ணெய், புட்டியிலிருந்து ஊற்றிய எண்ணெயைவிட எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எஞ்சின் எண்ணெயும் அவ்வாறே. எஸ்.ஏ.இ. 40 என்னும் எண்ணெயின் குழகுழப்பு, 40 பாகை செல்சியஸில் இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக 100 பாகையில் குறைந்துவிடுகிறது. எஞ்சினை அமைத்தவர்கள் இந்த நிலைக்குக் கணக்கிட்டே பேரிங்குகளின் இடைவெளியை வைத்துள்ளனர். எனவே 90 முதல் 110 பாகை வரையுள்ள சூடு குற்றமன்று, வேண்டுவதேயாகும். 120 பாகையைத் தாண்டி மேலே செல்லச் செல்ல, எண்ணெய்ப் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தை உரசத் தொடங்கும். அன்றியும், 10 பாகை கூடும்தோறும் எண்ணெய் காற்றோடு கலந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. பலகாரக் கடை வாணலியில் பல நாள் கொதித்த எண்ணெய் கறுத்துப் பிசுபிசுத்துப் போவதை ஒத்தது இது.

லாரிகளும் கார்களும் ஆண்டுக்கணக்காக ஓடுகின்றனவே, அவற்றின் எண்ணெய் இவ்வாறு கெடுவதில்லையே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி ஊர்ந்து செல்லும் காரின் எஞ்சின் தன் வலிமையில் ஒரு சிறு பங்கையே செலவிடுகிறது. நெடுஞ்சாலை லாரிக்கும் மேடு ஏறினால் இறக்கம் உண்டு. சுங்கச் சாவடியில் ஓய்வு உண்டு. கடலில் இறக்கம் ஏது? விசையை முழுவதும் திறந்துவிட்டால், கரை சேரும்வரை எஞ்சின் மலையேறிக்கொண்டே இருக்கிறது. லாரியிலிருந்து கழற்றிய எஞ்சினைப் படகில் பொருத்துவோர் இந்த வேற்றுமையை மறந்துவிடுகின்றனர். சாலையில் போதுமாயிருந்த ஆயில் கூலர் கடலில் போதாது.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் கொள்வது நலம். புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் திறன், சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. அதாவது, நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினை 2400 சுற்றுக்குக் குறைத்தால், வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. எஞ்சின் மீதுள்ள பளுவோ ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. எண்ணெய் சுமக்கும் வெப்பமும் அதையொட்டி இறங்குகிறது. டீசல் செலவும் அப்படியே. எண்ணெயைக் குளிர்விக்க ஒரு காசு செலவில்லாத சாதனம் இது. கரை சேரக் கொஞ்சம் தாமதமாகும், உண்மைதான். சந்தை விலையோடு டீசல் விலையையும் வைத்துப் பார்த்தால், பல நாட்களில் தாமதமே லாபமாக முடியும் என்பது என் கருத்து.

புரொப்பெல்லரைப் பற்றியும் ஒரு சொல். இழுவை கூட வேண்டும் என்று அளவுக்குப் பெரிய புரொப்பெல்லரை மாட்டினால், முழு விசை கொடுத்தாலும் எஞ்சின் தனக்குக் குறித்த சுற்றை எட்டாது. புகை கறுக்கும், எண்ணெய் கொதிக்கும். எஞ்சினோடு வந்த புத்தகத்தில் குறித்துள்ள சுற்று எண்ணிக்கை கிடைக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதே இதனைக் கண்டறியும் வழி.

கரையேறும் படகுகளில்

காசிமேட்டில் துறைமுகம் உண்டு. மயிலாப்பூர், அடையாறு குப்பங்களுக்கு அது கிடையாது. இங்குப் படகு அலைகளைக் கடந்து நேரே மணலில் ஏற வேண்டும். கரையோர நீரில் மணல் எப்போதும் கலங்கியிருக்கும். முகத்துவாரத்தை அடுத்துப் பிளாஸ்டிக் பைகளும் மிதந்து வரும். இத்தகைய நீரை உறிஞ்சிக் குளிரும் எஞ்சினுக்கு இந்தக் கரை பகைதான். நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் பொருத்தி, வேண்டும்போது தூக்கிக்கொள்ளத்தக்க சிறு டீசல் எஞ்சின்கள் இங்கு விரும்பப்படுவதும், அவற்றுள் பல காற்றால் குளிர்பவையாக இருப்பதும் இக்காரணம் பற்றியே. மணலில் ஏறும் படகுக்கு எத்தகைய எஞ்சின் அமைப்பு ஏற்றது என்பதை, மயிலாப்பூருக்கு அடுத்த அபிராமபுரத்தில் அலுவலகம் கொண்டு, 1979ஆம் ஆண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தினர் விரிவாக ஆராய்ந்தனர். எஞ்சினும் தண்டும் ஒன்றாகச் சாய்ந்து, புரொப்பெல்லர் மேலெழும் அமைப்பு அவர்களது முயற்சிகளுள் ஒன்று.

காற்றால் குளிரும் எஞ்சினில் தனி ஆயில் கூலர் பெரும்பாலும் இராது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளும், விசிறி தள்ளும் காற்றுமே அதற்குத் துணை. அத்தகடுகளின் இடையில் உப்பும், எண்ணெய் அழுக்கும், மீன் செதிலும் படிந்து அடைத்துக்கொண்டால், சூடு வெளியேற வழியில்லை. வாரம் ஒரு முறை, எஞ்சின் ஆறிய பின்னர், நல்ல நீராலும் தூரிகையாலும் அவற்றைக் கழுவுதல் வேண்டும். அலைநீர் தெறிக்காமலிருக்க எஞ்சின் மீது சாக்கையோ தார்ப்பாயையோ போட்டுக்கொண்டே ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது கம்பளியால் போர்த்துவது போன்றது. மூடி வேண்டுமானால், காற்று உள்ளே புகவும் சூடான காற்று வேறு பக்கமாக வெளியேறவும் இடம் விட்ட பெட்டியே தகுதியானது.

இத்தகைய சிறு எஞ்சினின் தொட்டியில் எண்ணெய் சில லிட்டரே இருக்கும். அரை லிட்டர் குறைந்தாலும் மீதியுள்ளது அதே சூட்டை அடிக்கடி சுமந்து சுற்ற வேண்டியதாகிறது. ஆகையால் கடலுக்குப் புறப்படுமுன், எஞ்சின் சமநிலையில் இருக்கும்போது, அளவுகோலை எடுத்துப் பார்ப்பது நாள்தோறும் செய்யத்தக்கது. சாய்ந்த நிலையில் பார்த்தால் அளவு பொய்யாகக் காட்டும்.

வெளிப்புற மோட்டார் பொருத்தியவர்களுக்கு ஒன்று கூறலாம். இரண்டு வீச்சு மோட்டாரில் எண்ணெய் எரிபொருளோடு எரிந்துபோவதால், அதில் சூடேறிச் சுழலும் எண்ணெய்த் தொட்டி இல்லை. நான்கு வீச்சு மோட்டாரில் உண்டு. அதன் பக்கத்தில் சிறு தாரையாக நீர் பீச்சுவதைக் கண்டிருப்பீர்கள். அத்தாரை மெலிந்தாலோ நின்றாலோ உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும்.

கடல்நீரால் குளிரும் எஞ்சின்

பெரிய விசைப்படகுகளிலும், விரைவுப் படகுகளிலும் எண்ணெயைக் குளிர்விக்கத் தனியே ஆயில் கூலர் உண்டு. ஓர் உருளைக்குள் மெல்லிய குழாய்கள் பல நிறைந்திருக்கும். குழாய்களின் உள்ளே கடல்நீர் ஓடும். வெளியே எண்ணெய் சூழ்ந்து ஓடும். கடலோரக் காவற்படையின் இடைமறிப்புப் படகுகளைப் போல மணிக்கு 45 கடல்மைல், அதாவது 83 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகாயினும் தத்துவம் இதுவே, அளவுதான் பெரிது. அத்தகைய வேகத்தில் இரண்டு தொல்லைகள் கூடுகின்றன. படகு அலைமேல் துள்ளும்போது நீர் உறிஞ்சும் வாய் வெளியே வந்து காற்றை விழுங்குகிறது. தொட்டியிலுள்ள எண்ணெயும் ஒரு பக்கமாக அலைந்து, பம்பு எண்ணெய்க்குப் பதில் நுரையை இழுக்கிறது. ஆதலின் உறிஞ்சும் வாயைப் படகின் அடியில் எப்போதும் நீரில் இருக்கும் பாகத்தில் அமைப்பதும், தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பதும் இன்றியமையாதவை.

நம் கடலின் நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 28 முதல் 30 பாகை வரை இருக்கிறது. குளிர்நாடுகளின் கடலுக்கென்று கணக்கிட்ட ஆயில் கூலர் இங்கு வேலை செய்யத் திணறும். வாங்கும்போதே இதனைக் கேட்டறிந்து, சற்றுப் பெரிதாகவே வாங்க வேண்டும். வெளியேறும் கடல்நீர் 55 பாகையைத் தாண்டினால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குழாயின் உட்சுவரில் படியத் தொடங்கும். படிவு ஏறினால் குளிர்ச்சி குறையும். குளிர்ச்சி குறைந்தால் படிவு மேலும் ஏறும். வடிகட்டியில் குப்பை அடைத்தாலும், நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்தாலும் இதே விளைவுதான். இம்பெல்லரின் இதழ் ஒன்று முறிந்திருந்தால், புதியதை மாட்டியதோடு நின்றுவிடலாகாது. முறிந்த துண்டு பெரும்பாலும் கூலரின் வாயில்தான் சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்காதவரை வேலை முடிந்ததாகாது.

கூலரில் விரல் நீளத் துத்தநாகக் கட்டி ஒன்று திருகப்பட்டிருக்கும். கடல்நீரின் அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு குழாய்களைக் காப்பது அதன் கடமை. பாதி கரைந்தவுடன் மாற்ற வேண்டும். இச்சிறு கட்டியின் விலைக்கு அஞ்சி அதை மறந்தவர்கள் கூலரையே இழந்திருக்கின்றனர். பின்னர் எஞ்சினையும் இழந்திருக்கின்றனர். லாரியிலிருந்து கழற்றிய கூலரைக் கடல்நீரில் இணைப்பதும் இத்தகைய சிக்கனமே. பித்தளைக் குழாயிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் கரைத்துச் சல்லடையாக்கிவிடும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய்களே கடலுக்கு உரியவை.

குழாயில் ஓட்டை விழுந்துவிட்டதை எவ்வாறு அறிவது? எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிட அதிகமாதலால், எண்ணெய்தான் கடலுக்குப் போகும். வெளியேறும் நீரில் வானவில் நிறப் படலம் தெரியும். அளவுகோலில் மட்டம் இறங்கும். எஞ்சினை நிறுத்திய பின்னரோ நீர் எண்ணெய்க்குள் புகும். மறுநாள் அளவுகோலை எடுத்தால் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். அந்நிறத்தைக் கண்டபின் ஒரு சுற்றுகூட எஞ்சினை ஓட்டலாகாது. கூலரைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்து, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிய பின்னரே ஓட்ட வேண்டும்.

எண்ணெயை மிகவும் குளிர வைத்தல் நன்று என்று எண்ணிவிடவும் கூடாது. 80 பாகைக்கும் கீழேயே எப்போதும் ஓடும் எண்ணெயில், எரிதலால் உண்டாகும் ஈரம் ஆவியாகாமல் தங்கி, சேறாகப் படியும். இதனாலேயே நல்ல அமைப்புகளில், எண்ணெய் தக்க சூட்டை அடையும்வரை அதைக் கூலருக்குள் விடாத வால்வு ஒன்று இருக்கிறது. எப்படியும் சூட்டைக் காட்டும் மானியும் அழுத்தத்தைக் காட்டும் மானியும் ஓட்டுபவன் கண்ணெதிரே இருந்தாக வேண்டும். ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் அழுத்தம் வழக்கத்தினும் குறைந்து வந்தால், எண்ணெய் சூடேறி நீர்த்துவிட்டது என்றோ மட்டம் இறங்கிவிட்டது என்றோ கொள்ளலாம். டர்போ பொருத்திய எஞ்சினைக் கரை தொட்டவுடன் சட்டென்று நிறுத்தாமல், மூன்று நான்கு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவதும் அவசியம். இல்லையேல் டர்போவில் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகிவிடும்.

எஞ்சின் பராமரிப்பை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு, மத்திய மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை 1968ஆம் ஆண்டு முதல் இராயபுரத்தில் இருந்து வருகிறது. குப்பத்துக்கு ஒருவரேனும் அத்தகைய பயிற்சி பெற்றிருந்தால், மெக்கானிக்கைத் தேடி அலையும் செலவு குறையும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கூலரின் இருபுறத் தொப்பிகளையும் கழற்றிக் குழாய்களைத் துலக்கவும், துத்தநாகத்தையும் இம்பெல்லரையும் மாற்றவும் இதைவிட ஏற்ற காலம் வேறில்லை. அப்போது வடித்தெடுக்கும் பழைய எண்ணெயை மணலிலோ முகத்துவாரத்திலோ ஊற்றாமல், பீப்பாயில் சேர்த்து வைத்து, உரிமம் பெற்றுப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் விற்றுவிடலாம். ஊர்ப் பஞ்சாயத்து ஒரு பொதுப் பீப்பாய்க்கு இடம் ஒதுக்கினால் போதும்.