காந்த நாடாப் பேழைகளும் பொது அளவும்

ஓலைச்சுவடி செல்லரித்துப் போகுமுன் அதனைப் புதிய ஏட்டிற் படியெடுத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள வீடுகளிற் கணிப்பொறியில் எழுதப்படும் கணக்கு, கடிதம், ஆராய்ச்சி முதலியவற்றிற்கும் இவ்வழக்கமே காப்பாகும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளிற் புகுந்தது. மூலமும் படியும் ஓரறையில் இருப்பின் இரண்டும் ஒருங்கே அழியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ்வாறு படியெடுக்க ஏற்பட்ட கருவிகளுள் ஒன்று காந்த நாடாப் பேழை. இதனைக் காட்ரிட்ஜ் என்பர். மெல்லிய நாடாவின் மேற் பூசிய இரும்பு ஆக்ஸைடுத் துகள்கள் காந்தமேறிய திசையே செய்தியாகின்றது. கால் அங்குல அகல நாடாவை உடைய பேழையை 1972-இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தார் வெளியிட்டனர்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் நாடாவில் எழுதினால், ஒருவர் எழுதியதை மற்றொருவரின் கருவி படியாது. ஆதலின் உற்பத்தியாளர் பலர் கூடிக் கியூ.ஐ.சி. என்னும் பொது அளவுகளை வகுத்தனர். அவற்றுள் கியூ.ஐ.சி. 40 என்பது நாற்பது மெகாபைட் கொள்வது. நாடாவில் இருபது தடங்கள். தலைப்பு ஒரு தடத்தில் முன்னோக்கிச் சென்று, அடுத்த தடத்திற் பின்னோக்கி வரும். உழுபவன் ஏரைத் திருப்புவது போன்றது இது. முப்பத்திரண்டு கூறுகளில் மூன்று, பிழை திருத்துவதற்கென்றே ஒதுக்கப்பெற்றன. பிளாப்பித் தட்டுக்கென இருந்த இணைப்பிலேயே இக்கருவி இயங்கியதால் செலவும் குறைந்தது. பின்னர் வந்த கியூ.ஐ.சி. 80 கருவி பழைய பேழையையும் படித்தது.

எனினும் ஒரு குறை நின்றது. தடங்களின் அமைப்பு ஒன்றாயினும், கோப்புகளை அடுக்கிச் சுருக்கும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபட்டது. எழுத்துத் தெரிந்தும் மொழி தெரியாதவன் கையிற் கிடைத்த ஏடுபோல, அப்பேழை பயனற்றுக் கிடந்தது. மேலும், நாடா நன்றாயிருந்தும் கருவியின் ரப்பர் உருளை பிசுபிசுத்துப் போவதும், பேழையினுள் உள்ள பட்டை தளர்வதும் உண்டு.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த எல்.டி.ஓ. அளவு, பெரிய நிலையங்களில் இன்றும் வழங்குகின்றது. முதற் பேழை நூறு கிகாபைட் கொண்டது. அதன் ஏழாம் தலைமுறை வரை, கருவிகள் தமக்கு முந்திய இரு தலைமுறைப் பேழைகளைப் படித்தன. எட்டாவது தலைமுறைக் கருவியோ ஒரு தலைமுறையை மட்டுமே படிக்கும். ஆகவே பேழையைப் பூட்டி வைத்தல் மட்டும் காத்தல் ஆகாது.

நாம் செய்யத்தக்கவை மூன்று. ஒரு படியை வேறோரிடத்தில் வைத்தல். ஆண்டுக்கொருமுறை அதனை மீட்டுப் படித்துப் பார்த்தல். கருவி மறையுமுன் புதியதற்கு மாற்றுதல். நம் வீட்டுப் பரணிற் பழைய பேழை ஏதேனும் இருப்பின், அதனைப் படிக்கவல்ல கருவி இன்னும் கிடைக்கும்போதே தேடுவோமாக. படிப்பாரற்ற ஏடும் அழிந்த ஏடும் பயனால் ஒன்றே.